ஒட்டுக் கிட்டாரும் அவயவி வழக்கும்

ஒரு பொருள் பல உறுப்புகளால் ஆனது என்றால், அவ்வுறுப்புகளுக்கு மேலாக முழுமை என்ற ஒன்று உண்மையில் உளதா, அன்றி உறுப்புகளின் சேர்க்கைக்கு மக்கள் இட்ட பெயர்தான் முழுமையா என்னும் வினா, இந்தியத் தத்துவ மரபில் நெடுங்காலம் வழக்காடப்பட்ட ஒன்றாகும். உறுப்பை அவயவம் என்றும், உறுப்புகளை உடைய முழுப்பொருளை அவயவி என்றும் பெயரிட்ட வைசேடிகர், நூல்கள் கூடித் துணியாகும்போது நூல்களினும் வேறான புதிய பொருள் ஒன்று தோன்றி, சமவாயம் எனப்படும் பிரிவிலா இயைபால் அந்நூல்களில் தங்குகிறது என்றனர். ஒரு நூலை உருவினால் பழைய துணி அழிந்து, எஞ்சிய நூல்களில் வேறொரு துணி பிறக்கிறது என்பதும் அவர்கள் துணிபே. பௌத்தரோ இதை அடியோடு மறுத்தனர். மிலிந்த பஞ்ஹா என்னும் பௌத்த நூலில் துறவி நாகசேனர் யவன மன்னனிடம், அச்சும் சக்கரமும் நுகமும் தனித்தனியே தேர் ஆகாமையால் தேர் என்பது வழக்குப் பெயரே எனக் காட்டுகிறார். மணிமேகலை வஞ்சி மாநகரில் சமயக் கணக்கர் பலரிடம் கொள்கை கேட்கும் காதையில் சாங்கியமும் வைசேடிகமும் இடம்பெறுவதால், இவ்வழக்கின் தரப்புகள் தமிழ்க் காப்பியத்துக்குள்ளும் வந்துவிட்டவை எனலாம்.

ஆயினும் துணி, தேர் ஆகிய சான்றுகளில் ஒரு குறை உண்டு. அவற்றின் உறுப்புகள் அந்தந்தப் பொருளுக்கெனவே ஆக்கப்பட்டவை. முன்னரே வேறொரு முழுமையில் உறுப்பாக வாழ்ந்து, அங்கிருந்து கழற்றப்பட்டு, இழைத்தும் துளைத்தும் திருத்தப்பட்டு மற்றொன்றில் புகுந்த உறுப்புகளைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. பழைய கிட்டார்களின் பாகங்களைச் சேர்த்துச் செய்யப்படும் எலெக்ட்ரிக் கிட்டார், அதாவது ஒட்டுக் கிட்டார், அத்தகைய பொருளாதலின், பழைய வழக்கைப் புதிதாகச் சோதிக்க அது தக்க கருவியாகிறது.

இக்கருவியில் ஒலியை எழுப்புவது காற்றறை அன்று. காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக்கம்பியைப் பல்லாயிரம் சுற்று சுற்றிய பிக்கப் என்னும் உறுப்பு, எஃகுத் தந்தியின் அதிர்வை மின்னோட்டமாக்குகிறது. ஆகவே உடல் திண்ணிய பலகையாக இருக்கலாம். கலிபோர்னியாவில் ரேடியோ பழுதுபார்த்துவந்த லியோ ஃபெண்டர், 1950களின் தொடக்கத்தில் கழுத்தைப் பசையிட்டு ஒட்டாமல் நான்கு திருகாணிகளால் உடலோடு பிணைத்து விற்றார்; கெட்ட கழுத்தைக் கழற்றி வேறொன்று மாட்டலாம் என்ற அந்த வசதியே, பிற்காலத்தில் பாகங்களைக் கூட்டிப் புதுக் கருவி செய்வோர்க்கு வழி திறந்தது.

அவ்வகையில் பெரும்புகழ் பெற்றது கிட்டார்க் கலைஞர் எரிக் கிளாப்டனின் 'பிளாக்கி'. 1970இல் நாஷ்வில் நகரக் கடையொன்றில் ஆறு பழைய ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார்களை வாங்கிய அவர், இசைக்கலைஞர்களான ஜார்ஜ் ஹாரிசன், பீட் டவுன்ஷெண்ட், ஸ்டீவ் வின்வுட் ஆகியோர்க்கு ஒவ்வொன்று கொடுத்துவிட்டு, எஞ்சிய மூன்றின் சிறந்த பாகங்களை ஒன்றாக்கினார். 1973 முதல் பல்லாண்டுகள் மேடையில் ஒலித்த அது, கழுத்துத் தேய்ந்தமையால் 1980களின் நடுவில் ஓய்வு பெற்று, 2004இல் நியூயார்க் ஏலத்தில் 9,59,500 டாலருக்கு விலைபோனது. மூன்று கிட்டார்கள் அழிந்து ஒன்று தோன்றியதென வைசேடிகர் கூறுவர். ஒன்றும் அழியவில்லை, ஒன்றும் தோன்றவுமில்லை, ஒரு பெயர் மட்டுமே வந்தது என்பர் பௌத்தர்.

இரு தரப்பும் கண்டுகொள்ளாத செய்தி ஒன்று செய்பவரின் மேசையில் வெளிப்படுகிறது. கிட்டாரின் கழுத்தில் வீணையின் மெட்டுகளைப்போல் உலோகக் கட்டைகள் பதிக்கப்பட்டுள்ளன. ஃபிரெட் எனப்படும் அவற்றின் இடைவெளிகள், தந்தியின் அதிரும் நீளம் இவ்வளவு என்று முன்கூட்டியே கொண்ட கணக்கின்படி அமைகின்றன. ஃபெண்டர் மரபில் அந்நீளம் 25½ அங்குலம் (சுமார் 648 மில்லிமீட்டர்). கிப்சன் மரபில் 24¾ அங்குலம். பன்னிரண்டாம் மெட்டு தந்தியின் சரிபாதியில் நின்றாலன்றி மேல்ஸ்தாயி சட்ஜம் சுத்தமாக ஒலிக்காது. கிப்சன் அளவில் மெட்டிட்ட கழுத்தை ஃபெண்டர் உடலில் அப்படியே மாட்டினால், வெறுந்தந்தி சுருதி சேர்ந்திருந்தும் மெட்டில் விரல் வைத்தவுடன் சுருதி விலகும். அப்போது தந்தியைத் தாங்கும் குதிரையை இடம் மாற்ற வேண்டும். பழைய ஆணித்துளைகளை மரமுளை வைத்து அடைத்துப் புதுத்துளை இட வேண்டும். கழுத்து அமரும் குழி அகன்றிருந்தால் மெல்லிய மரச்சிம்பு செருக வேண்டும். அதாவது, உறுப்பு தன் பழைய முழுமையின் அளவைச் சுமந்துகொண்டே வருகிறது. நூலுக்குத் துணியின் நினைவு இல்லை. கழுத்துக்கோ தான் பிரிந்துவந்த உடலின் நீளம் தன் மெட்டுகளிலேயே எழுதப்பட்டிருக்கிறது. முழுமை வெறும் பெயரானால் பெயர் மாறியவுடன் உறுப்பு அதற்கு இணங்கியிருக்க வேண்டும். முழுமை பழையது அழிந்து பிறந்த புதுப்பொருளானால் பழையதன் கட்டளை இதில் செல்லக் கூடாது. இரண்டும் நடப்பதில்லை.

இவ்வழக்கைத் தமிழகத்து ஊர் ஒன்றிலும் வைத்துப் பார்க்கலாம். விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தில், ஆரோவில் என்னும் பன்னாட்டு நகரை ஒட்டியிருக்கும் இடையஞ்சாவடி இவ்வினாவுக்கு அயலான ஊர் அன்று. 1968 பிப்ரவரி 28இல் ஆரோவில் தொடக்க விழாவில் 124 நாடுகளின் மண் ஒரே தாழியில் இடப்பட்டது. மண் கலந்தது, ஆனால் எந்தப் பிடி மண்ணும் மற்றதைத் திருத்தச் சொல்லவில்லை, ஆதலால் அது கலவையே தவிர ஈண்டுக் கருதும் அமைப்பு அன்று. பக்கத்துக் கோட்டக்கரையில் 2003 முதல் இயங்கும் ஸ்வரம் என்ற இசைக்கருவிப் பட்டறை, சுற்றுவட்டார இளைஞர்க்குக் கருவி செய்யும் தொழிலைப் பயிற்றிவருகிறது. இன்னும் பின்னோக்கினால், வடக்கே மரக்காணத்தையே பழைய எயிற்பட்டினமாக ஆய்வாளர் பலர் கருதுவர். அந்தப் பட்டினத்தைப் பாடும் சிறுபாணாற்றுப்படை, சீறியாழ் ஏந்திய பாணனை மன்னன் நல்லியக்கோடனிடம் ஆற்றுப்படுத்தும் நூலாகும். பத்தர், கோடு, திவவு, நரம்பு எனப் பல உறுப்புகளால் ஆன அந்த யாழும் கூட்டி இணைத்த கருவியே. ஒரே பலா மரத்தில் குடைந்த தஞ்சாவூர் ஏகாண்ட வீணையை, தனித்தனியே செய்து இணைத்த ஒட்டு வீணையினும் உயர்ந்ததாகக் கலைஞர் மதிப்பது உண்மைதான். எனினும் அந்த ஏகாண்ட வீணையிலும் மெழுகில் பதித்த 24 மெட்டுகள் அவ்வப்போது பெயர்த்துப் பதிக்கப்படுகின்றன. மரக்காணத்து உப்பளங்களை வாழவைக்கும் இக்கடற்கரையின் காற்று எஃகுத் தந்தியை விரைவில் துருவேற்றுவதால், தந்தி மாறும்தோறும் கருவியும் மாறும் என்ற வைசேடிகக் கணக்குப்படி இங்குள்ள கிட்டார்க் கலைஞர் ஆண்டுதோறும் பல கிட்டார்களுக்கு உரிமையாளராவார். வரி அலுவலர் வைசேடிகம் பயிலாதது நன்றே.

இச்சிக்கலுக்குப் பொருத்தமான விடை சாங்கியத்தில் கிடைக்கிறது. ஈசுவரகிருஷ்ணர் தம் சாங்கிய காரிகையில், தொகுதியாக அமைந்தவை யாவும் பிறிதொன்றின் பொருட்டே அமைகின்றன என்ற ஏதுவைக் காட்டிப் புருடன் எனப்படும் அறிவுப்பொருளை நிறுவுகிறார். பல உறுப்புகளால் ஆன கட்டில் தனக்காக அன்றிக் கிடப்பவனுக்காகவே உள்ளது என உரையாளர் விளக்குவர். இதன்படி ஒட்டுக் கிட்டாரின் ஒருமை மரத்திலும் இல்லை, பெயரிலும் இல்லை. முரண்பட்ட அளவுகளை ஒரு கையின் தேவைக்கு இணங்கச் செய்த நோக்கத்தில் உள்ளது. குதிரையை நகர்த்தியதும் துளையை அடைத்ததும் அந்த நோக்கத்தின் தடங்களே.

ஆனால் வாசிப்பவர் விலகியபின் அந்த ஒருமை என்னாகும் என்ற தடை எழும். தடங்களே அதைக் காக்கும் எனில், தடங்களையும் படியெடுக்கலாம். 2006இல் ஃபெண்டர் நிறுவனம் பிளாக்கியின் தேய்மானத்தையும் வடுக்களையும் அச்சாகப் பின்பற்றி 275 படிகளைச் செய்து விற்றது. கண்ணுக்கு ஒத்த அவற்றின் உறுப்புகள் தொடக்கம் முதலே ஒன்றுக்கொன்று என ஆக்கப்பட்டவை. எனவே எந்தப் படியிலும் மூன்று கிட்டார்களின் வரலாறு இல்லை. அவ்வேறுபாட்டைக் காட்சியளவையால் அறிதல் அரிது. உறுப்புடைய பொருள்களைக் கண்டு அவற்றை ஆக்கிய ஒருவனை அனுமானிக்கும் வாதத்துக்கும் இதே இடர்தான்: கழுத்தைக் கடைந்தவரும் கம்பி சுற்றியவரும் கூட்டிச் சேர்த்தவரும் வெவ்வேறு காலத்தவர். உலகைக் கண்டு அதைப் படைத்த ஒரே கடவுளை அனுமானத்தால் நிறுவ முயன்றோரை, இவையனைத்தையும் ஒருவரே ஒரே காலத்தில் ஆக்கினார் என்பதற்குச் சான்றில்லை என்று இராமாநுசர் ஸ்ரீபாஷ்யத்தில் மடக்கி, பிரமத்தை அறியச் சாத்திரம் ஒன்றே பிரமாணம் என முடித்தார். ஏலக்கூடமும் தெரிந்தோ தெரியாமலோ அவர் வழியில்தான் நடந்தது: அந்தக் கறுப்புக் கிட்டாரே பிளாக்கி என்பதற்கு மரமோ வடுவோ மட்டும் போதாமல், அதைச் சேர்த்தவரின் வாக்கும் ஏட்டுப்பதிவும் தேவைப்பட்டன.