கார்டின் வரம்பை உயர்த்தக் கேட்கலாமா?

வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று ஆண்டுகளே ஆன நம் வாலிபர்கள் இப்போது ஆலிம்களிடம் அடிக்கடி கேட்கும் மஸ்அலா ஒன்று உண்டு. "என்னிடம் வங்கி தந்த கிரெடிட் கார்டு இருக்கிறது. வரம்பு 50,000 ரூபாய். அதை 2 லட்சமாக உயர்த்தித் தரும்படி விண்ணப்பிக்கலாமா? மாதாமாதம் கெடுவுக்கு முன்பே முழுத் தொகையையும் கட்டிவிடுகிறேன். ஒரு காசு வட்டி கொடுத்ததில்லை. வரம்பு உயர்ந்தாலும் செலவு உயராது" என்கிறார்கள்.

கேள்வி நியாயமானதே. கடன் வாங்குவது வேறு. வாங்கும் வசதியைக் கேட்டு வைப்பது வேறு. இன்னும் வாங்காத கடனுக்காக ஒருவரைக் குற்றம் சொல்ல முடியுமா?

கார்டைப் பற்றிய மார்க்கச் சட்டத்தை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கெடு தவறினால் வட்டி தருவேன் என்னும் நிபந்தனை ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. இத்தகைய கார்டு கூடாது, கெடுவுக்குள் கட்டிவிடுவதாக நிய்யத் இருந்தாலும் கூடாது என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 2000-ஆம் ஆண்டு ரியாதில் கூடித் தீர்மானித்தது. வட்டி விழாமல் முழுத் தொகையையும் கட்டிவிடும் உறுதி உள்ளவருக்கு, தேவையை முன்னிட்டு அனுமதி உண்டு என்று சொல்லும் உலமாக்களும் இருக்கிறார்கள். கேட்கும் வாலிபர் இந்த இரண்டாவது கருத்தின் நிழலில் நிற்கிறார். அங்கேயே நிற்கட்டும், அங்கிருந்தே பேசுவோம்.

அந்த அனுமதி எதன் மீது நிற்கிறது? தேவையின் மீதும், கட்டிவிடும் சக்தியின் மீதும். மாதம் 40,000 சம்பாதிப்பவர் 50,000-ஐ எப்படியோ புரட்டிக் கட்டிவிடலாம். 2 லட்சத்தை ஒரே கெடுவில் கட்ட அவரால் முடியுமா? முடியாது என்றால், தாம் எந்த அனுமதியைப் பிடித்துக்கொண்டு கார்டு வைத்திருக்கிறாரோ, அதற்கு வெளியே கால் வைக்க அவரே இடம் கேட்கிறார் என்றல்லவா ஆகிறது?

"செலவை உயர்த்தப் போவதில்லையே, பின் எதற்குக் கேட்கிறாய்?" என்றால், பதில் தயாராக இருக்கிறது. 50,000 வரம்பில் 20,000 செலவழித்தால் நூற்றுக்கு நாற்பது. 2 லட்சத்தில் அதே 20,000 நூற்றுக்குப் பத்துதான். இந்த விகிதம் குறைந்தால் சிபில் மதிப்பெண் கூடும். 300 முதல் 900 வரை போகும் அந்த மதிப்பெண்ணை இன்றைய பிள்ளைகள் பரீட்சை மார்க்கைப் போல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கணக்கு சரிதான். ஆனால் மதிப்பெண் கூடி என்ன ஆகப் போகிறது? நாளை வீட்டுக் கடனும் வாகனக் கடனும் எளிதில் கிடைக்கும். அவை வட்டிக் கடன்கள் அல்லவா? வட்டியை விட்டு ஓடுகிறேன் என்பவர், வட்டிக் கடையில் நல்ல பெயர் எடுக்க ஏன் இவ்வளவு பாடுபடவேண்டும்?

கடனே வாங்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறைந்தபோது அவர்களுடைய கவசம் முப்பது ஸாஉ வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடகில் இருந்தது. குடும்பத்தின் உணவுக்காகப் பட்ட கடன் அது. அதே நாயகம் (ஸல்) அவர்கள்தாம் தொழுகையில் கடனை விட்டும் அடிக்கடி பாதுகாவல் தேடினார்கள். காரணம் கேட்கப்பட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்கிறான், வாக்களித்தால் மாறு செய்கிறான் என்ற கருத்துப்பட விளக்கினார்கள். இங்கே கடன் வருவதற்கு முன்பே பொய் வந்துவிடுகிறது. வரம்பை உயர்த்தும் விண்ணப்பத்தில் வருமானம் எவ்வளவு என்று ஒரு கட்டம் இருக்கும். வரப்போகும் போனஸையும், தகப்பனாரின் கடை வருமானத்தையும் சேர்த்து அதில் எழுதுகிற பிள்ளைகள் உண்டு. எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்று சமாதானம் வேறு!

முன்பெல்லாம் நம் தெருக்களில் மளிகைக் கடை நோட்டு இருந்தது. கடைக்காரருக்கு நம் வீட்டு வருமானம் தெரியும். பாக்கி ஏறிவிட்டால், "முதலில் பழையதைத் தீர்த்துவிட்டு வா தம்பி" என்பார். அது வெட்கமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வெட்கம் ஒரு வேலி. வங்கி அப்படிச் சொல்வதில்லை. ஒழுங்காகக் கட்டுகிறாய், இன்னும் எடுத்துக்கொள் என்கிறது. கார்டு வைத்திருப்பவரைக் கேட்காமல் வரம்பை உயர்த்தக்கூடாது, அவருடைய வெளிப்படையான சம்மதம் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-ல் கட்டளையிட்டது. நல்ல கட்டளை. ஆனால் இனி "வங்கி தானாக ஏற்றிவிட்டது" என்று சொல்லித் தப்ப இடமில்லை. சம்மதம் என்று அழுத்திய விரல் நம்முடையது.

ஒரு மாதம் தவறினால் என்ன ஆகும் என்பதையும் தாய்மார்கள் தெரிந்துகொள்ளட்டும். மாதம் நூற்றுக்கு மூன்றரை வட்டி என்பது கார்டுகளில் சாதாரணம், ஆண்டுக்கு 42. நிலுவை 1 லட்சம் என்றால் ஒரு மாத வட்டி 3,500 ரூபாய். அதன் மேல் 18 சதவிகித ஜி.எஸ்.டி. 630 ரூபாய். ஆக 4,130 ரூபாய் போகிறது, அசலில் ஒரு காசும் குறையாமல். பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் அன்றிலிருந்தே வட்டி. ஆண்டுக்கு 30 சதவிகிதத்துக்கு மேல் வாங்குவது முறைகேடான வாணிபம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் தீர்ப்பளித்திருந்தது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது.

"உம்மாவை திடீரென்று ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தால்?" என்று ஒரு வாலிபர் கேட்டால், அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வராது. இரவு இரண்டு மணிக்கு முன்பணம் கேட்கும் ஆஸ்பத்திரிக்கு ஃபத்வாவைக் காட்ட முடியாது. அந்த நிர்ப்பந்தத்தின் சட்டம் வேறு. ஆனால் இந்தக் கேள்வி அவரை நோக்கி மட்டும் வந்ததல்ல. வட்டியில்லாக் கடன் தரும் பைத்துல்மால் நம் மஹல்லாக்களில் எத்தனையில் உயிரோடு இருக்கிறது? தங்கைக்கு இருபது பவுனும், ஆயிரம் பேருக்குப் பிரியாணியும் வேண்டும் என்று கேட்கும் வீடு, மகன் எந்த வரம்பிலிருந்து அதைக் கொண்டுவருகிறான் என்று ஏன் கேட்பதில்லை?

கார்டு ஏற்கெனவே இருக்குமானால், ஒரே கெடுவில் கையிலிருந்து கட்டக்கூடிய அளவுக்கு மேல் வரம்பு வேண்டாம். கூடுதலாக இருந்தால் குறைக்கச் சொல்லி எழுதலாம், வங்கி குறைத்துத் தரும். மளிகைக் கடை நோட்டு வீட்டு மாடத்தில் கிடந்தது, எல்லோரும் பார்த்தார்கள். கார்டின் கணக்கோ பூட்டிய போனுக்குள் இருக்கிறது. இறந்தவரின் சொத்தைப் பங்கிடுமுன் கடனை அடைக்கும்படி திருமறை கட்டளையிடுகிறது. கடனே தெரியாவிட்டால் வாரிசுகள் எதை அடைப்பார்கள்? இரண்டு மூன்று தீனார் கடனுக்காகவும் ஒருவருக்கு ஜனாஸா தொழவைக்காமல் நாயகம் (ஸல்) அவர்கள் நின்றார்கள். ஒரு தோழர் பொறுப்பேற்ற பிறகே தொழவைத்தார்கள். ஆகவே எந்த வங்கி, எவ்வளவு வரம்பு, இன்றைய தேதியில் எவ்வளவு பாக்கி என்பதை ஒரு தாளில் எழுதி, வாப்பாவிடமோ மனைவியிடமோ இன்றிரவே கொடுத்து வையுங்கள்.