வேர் அந்தப் பக்கம், கிளை இந்தப் பக்கம்

சென்னைப் புறநகரில் அரை கிரவுண்டு என்றால் 1,200 சதுர அடி. முப்பதுக்கு நாற்பது மனையில் வீடு போகக் கொல்லையில் மிஞ்சுவது சில அடி மண்தான். அங்கே ஆசையாக ஊன்றிய மாங்கன்று வளர்ந்து பெரிதானால் இருபது, முப்பது அடி அகலத்துக்குத் தலை விரிக்கும். வேர் ஒருவர் மனையிலும் சருகு இன்னொருவர் மாடியிலும் சேர்வதற்கு யாருடைய கெட்ட எண்ணமும் காரணமில்லை. மனையின் அளவும் மரத்தின் இயல்பும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். ஆனாலும் மதிலைத் தாண்டி வந்த கொப்பை வெட்டலாமா என்ற கேள்வி எழுந்தால், 'என் இடத்துக்குள் வந்தது, நான் வெட்டுகிறேன்' என்ற ஒற்றை வாதத்திலேயே பேச்சு முடிந்துவிடுகிறது.

அந்த வாதத்துக்குச் சட்டத்தின் துணை உண்டு. 1894-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபைக்கு ஒரு வழக்கு வந்தது. பழைய மரங்களின் கிளைகள் இருபது ஆண்டுகளுக்கு மேலாக எல்லை தாண்டி நீண்டிருந்தன. பக்கத்து நிலத்துக்காரர் ஒரு வார்த்தை சொல்லாமல் அவற்றை வெட்டினார். மரத்துக்காரரின் நிலத்தில் கால் வைக்காமல் வெட்டியதால் அது அவருடைய உரிமையே என்று தீர்ப்பாயிற்று. 1919-இல் அதே நாட்டில், தன் பக்கம் நீண்ட கிளைகளிலிருந்து ஆப்பிள்களைப் பறித்து விற்றவர் வழக்கில் தோற்றார். எல்லை தாண்டினாலும் பழம் மரத்துக்காரருக்கே சொந்தம் என்றது நீதிமன்றம். ஆக, கிளையை அகற்றும் உரிமை வேறு, அதைத் தன்னுடையதாக்கிக்கொள்ளும் உரிமை வேறு.

அந்த உரிமை எதுவரை செல்லும்? வெட்டினால் மரமே பட்டுப்போகும் என்றாலும் செல்லுமா? இங்கே நீதிமன்றங்களே இரு திசையில் நிற்கின்றன. பெர்லினில் சுமார் நாற்பது வயதான பைன் மரம் ஒன்றைப் பற்றிய வழக்கில், 2021-இல் ஜெர்மனியின் உச்ச உரிமையியல் நீதிமன்றம், மரம் சாயலாம் அல்லது பட்டுப்போகலாம் என்பதற்காக மட்டும் பக்கத்து வீட்டுக்காரரின் உரிமை போய்விடாது என்றது. கிளை அவருடைய நிலத்தின் பயன்பாட்டைக் கெடுக்க வேண்டும், இயற்கைப் பாதுகாப்பு விதிகள் தடுக்கக் கூடாது என்பவை மட்டுமே வரம்புகள். கலிபோர்னியாவிலோ, எல்லை நெடுக மூன்றடி ஆழத்துக்கு வேரை அறுத்ததால் பைன் மரம் ஒன்று நிலைகுலைந்து, கடைசியில் அகற்றப்பட வேண்டியதாயிற்று. 1994-இல் அந்த வழக்கை விசாரித்த மேல்முறையீட்டு நீதிமன்றம், தன் நிலத்தில் எதையும் செய்யலாம் என்ற உரிமை முழுமையானதல்ல, பக்கத்து மரத்துக்குத் தேவையற்ற கேடு வராதபடி நடக்கும் பொறுப்பும் உண்டு என்றது.

அறம் என்று பார்த்தால் கலிபோர்னியத் தீர்ப்பே நியாயத்துக்கு அருகில் நிற்கிறது. கிளையை நிறுத்துவதற்கு மரத்தையே கொல்ல வேண்டியதில்லை என்பது ஒரு காரணம். மரம் எப்படி உயிர் வாழ்கிறது என்பதில் இன்னொரு வலுவான காரணம் இருக்கிறது.

எந்த மரத்திலும் கிளை தண்டோடு சேரும் இடத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால், அடியில் மோதிரம் போட்டதுபோல் ஒரு புடைப்பு தெரியும். அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ ஏராளமான மரங்களை அறுத்துப் பார்த்து, மரத்தின் காயம் மனிதக் காயம்போல் ஆறுவதில்லை என்று விளக்கினார். கெட்ட பகுதியைச் சுற்றி மரம் தடுப்பு எழுப்பி, அதன்மேல் புதுக் கட்டையை வளர்த்து மூடிக்கொள்கிறது. அந்த வேலையைத் தொடங்குவது அந்தப் புடைப்புதான். அதற்குச் சற்று வெளியே வெட்டினால் காயம் மூடும். புடைப்பையே செதுக்கினாலும், இரண்டடி முண்டு விட்டு வெட்டினாலும் அழுகல் உள்ளே இறங்கும்.

சிக்கலின் முடிச்சு இதில்தான் இருக்கிறது. சட்டம் வெட்டச் சொல்லும் கோடு மதில். மரம் கேட்கும் கோடு அந்தப் புடைப்பு. அது பெரும்பாலும் மதிலுக்கு அந்தப் பக்கம், மரத்துக்காரரின் கொல்லைக்குள் இருக்கிறது. மதிலோடு சரியாக வெட்டுபவர் சட்டத்தை மீறுவதில்லை. ஆனால் ஒரு முண்டை விட்டுப் போகிறார். அந்த முண்டு மக்கி, பக்கத்தில் பலமில்லாத போத்துகள் கொத்தாகக் கிளம்பி, சில ஆண்டுகளில் அவையும் இதே மதிலைத் தாண்டும். நல்ல கவாத்து செய்ய அந்த வீட்டுக் கதவைத் தட்டித்தான் ஆக வேண்டும். அங்கே போய்க் கேட்பதை வெறும் மரியாதை என்று தள்ளிவிட முடியாது. வேலை சரியாக நடப்பதற்கே அது தேவை.

தட்டப்படும் கதவுக்குப் பின்னால் இருப்பவருக்கும் கடமை உண்டு, அதுவும் முதற்கடமை. காயும் நிழலும் அவருக்குக் கிடைக்கின்றன. அடைத்துக்கொண்ட மழைநீர்க் குழாயும் உடைந்த ஓடும் பக்கத்து வீட்டுக்கு என்றால் அது நியாயமான பங்கீடு அல்ல. ஆண்டுக்கு ஒருமுறை மரத்தைப் பார்த்து, காய்ந்த கொப்பைத் தானே இறக்கி, கூலியையும் தானே கொடுப்பவர் பல சண்டைகளைத் தொடங்கும் முன்பே தவிர்க்கிறார். முருங்கை வைத்தவருக்கு இது இன்னும் பொருந்தும். அதன் கிளை சாதாரணக் காற்றுக்கே முறியும்.

எல்லாத் தொல்லையும் ஒரே எடை அல்ல. சருகு கூட்டுவது அலுப்பு. மாடித் தொட்டிக்கு மேல் தொங்கும் பட்ட கிளை ஆபத்து. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னையின் மரங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்ததைக் கண்டவர்களின் அச்சத்தை வீண் பயம் என்று ஒதுக்க முடியாது. விழுந்து ஆளுக்கு அடிபடும் நிலையில் உள்ள மரத்தை அகற்றவோ முட்டுக்கொடுக்கவோ உத்தரவிடும் அதிகாரத்தைப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவு நிர்வாக நடுவருக்குக் கொடுக்கிறது. ஆபத்துக்கு அந்த வழி இருக்கிறது. அலுப்புக்கு அரிவாளைத் தூக்குவதுதான் நியாயப்படுத்தக் கடினமானது.

கேட்டும் அவர் மறுத்தால்? ஜப்பான் இதற்கு ஒரு வரிசை வகுத்திருக்கிறது. அங்கே முன்பு எல்லை தாண்டிய வேரைத் தானே வெட்டலாம், கிளையை வெட்டவோ வழக்குப் போட வேண்டும். சொந்தக்காரர் யாரென்றே தெரியாத வீடுகள் பெருகியதால், 2023 ஏப்ரலில் விதி மாறியது. முதலில் அகற்றச் சொல்ல வேண்டும். போதிய அவகாசம் தந்தும் செய்யாவிட்டாலோ, சொந்தக்காரரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டாலோ, அவசரம் என்றாலோ தானே வெட்டலாம். நம் கொல்லைகளுக்கும் இந்த வரிசை பொருந்தும். சொல்ல வேண்டும், காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் வெட்ட நேர்ந்தால், இடைஞ்சல் தரும் கொப்பை மட்டும், கூடு இருக்கிறதா என்று பார்த்து, மரத்தின் உயிருள்ள தழையில் காற்பங்குக்கு மேல் போகாமல், மரம் தெரிந்த ஆளைக் கொண்டு வெட்டலாம். வெட்டிய கிளையில் காய் இருந்தால் அது அந்த வீட்டுக்குப் போகட்டும்.