கழுத்து மட்டும் வெள்ளம்



எசாயா இறைவாக்கினரின் நூலில் எட்டாம் அதிகாரத்தை எடுத்து, ஐந்தாம் வசனத்திலிருந்து எட்டாம் வசனம்வரை வீட்டில் எல்லோரும் கேட்க ஒருமுறை வாசியுங்கள். இரண்டு தண்ணீர்களைப் பற்றி அங்கே சொல்லப்படுகிறது. ஒன்று, எருசலேமின் அடிவாரத்தில் ஓசையின்றி ஓடும் சிலோவாம் நீர். மற்றது, கரைபுரண்டு வரும் யூப்பிரத்தீசுப் பேராறு. முன்னது ஆண்டவருடைய பராமரிப்பு. பின்னது அசீரிய அரசனும் அவனுடைய சேனையும்.

கி.மு. 734ஆம் ஆண்டளவில் யூதாவை ஆண்டவன் ஆகாசு. தமஸ்கு அரசன் ரெட்சீனும் வட இசுரயேல் அரசன் பெக்காவும் கூட்டுச்சேர்ந்து அவன்மேல் படையெடுத்தார்கள். ஆண்டவரை நம்பி அமைதியாக இருக்கும்படி எசாயா அவனுக்குச் சொன்னார். ஆகாசுக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. ஆலயத்துப் பொன்னையும் வெள்ளியையும் எடுத்து அசீரிய அரசன் திக்லத்பிலேசருக்கு அனுப்பி, தன்னைக் காப்பாற்ற வருமாறு கேட்டான் (2 அரசர் 16). பேராறும் வந்தது. தமஸ்குவை விழுங்கியது, வட இசுரயேலைச் சிதைத்தது, ஆனால் அங்கே நின்றுவிடவில்லை. கி.மு. 701இல் சனகெரிபு யூதாவுக்குள்ளேயே புகுந்து, அரண்சூழ்ந்த நாற்பத்தாறு நகர்களைப் பிடித்ததாகத் தன் களிமண் பட்டயத்தில் பொறித்து வைத்தான். உதவிக்கு அழைத்த ஆறே ஊரைக் கொண்டுபோக வந்தது.

மற்ற இறைவாக்கினர்களும் இந்த மொழியிலேயே பேசினார்கள். எகிப்தின் சேனையைப் பொங்கி எழும் நைல் நதியாக எரேமியா கண்டார்; வடக்கிலிருந்து பெலிஸ்தியர்மேல் வந்த படையைக் கரைபுரளும் வெள்ளம் என்றார் (46, 47). திருவெளிப்பாட்டில் பறவைநாகம் அந்தப் பெண்ணை வாரிக்கொண்டுபோகத் தன் வாயிலிருந்து ஆறுபோல் நீரைக் கக்குகிறது (12).

தமிழராகிய நமக்கு இது அந்நியமான பேச்சல்ல. கம்பர் வானர சேனையை எழுபது வெள்ளம் என்று கணக்கிட்டார். நம் மொழியில் வெள்ளம் என்பது ஒரு பேரெண்ணும்கூட. வன்னி மண்ணிலோ அது வெறும் இலக்கியமாக நிற்கவில்லை. 1996 யூலையில் முல்லைத்தீவுப் படைமுகாம்மீதும், 1998 செப்டெம்பரில் கிளிநொச்சிமீதும், 1999 நவெம்பர் முதல் வன்னிப் பெருநிலத்திலும் நடந்த தாக்குதல்களுக்கு விடுதலைப் புலிகள் சூட்டிய பெயர் ‘ஓயாத அலைகள்’. முல்லைத்தீவில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படையினர் மாண்டார்கள். அவர்களுக்கும் தாய்மார் இருந்தார்கள். 2004 டிசெம்பர் 26, ஞாயிறு காலையில், அதே முல்லைத்தீவுக் கரைக்கு உண்மையான அலை வந்தது. அது எந்தப் பக்கத்தையும் கேட்கவில்லை. 2009 சனவரியில் படையின் முன்னேற்றத்தைத் தடுக்கவென்று கல்மடுக்குளத்தின் அணைக்கட்டு உடைக்கப்பட்டது. வயலுக்குப் பாய வேண்டிய நீர் ஆயுதமாயிற்று. பிறகு அரச படைகளின் பெருவெள்ளத்துக்கு முன்னால் நம் சனங்கள் கிளிநொச்சியிலிருந்து விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று தள்ளப்பட்டு, ஒரு பக்கம் நந்திக்கடலும் மறுபக்கம் பெருங்கடலுமாக முள்ளிவாய்க்காலில் ஒதுங்கினார்கள். 2009 மே 18 அன்று போர் முடிந்ததாக அறிவிக்கப்பட்டபோது, எண்ணி முடிக்க இயலாதபடி இறந்திருந்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழுகிறது. அசீரிய வெள்ளத்தை ஆண்டவரே வரச்செய்தார் என்று எசாயா சொல்கிறாரே, அப்படியானால் நமக்கு வந்ததும் அவர் அனுப்பிய தண்டனையா? செத்தவீட்டிலும் செபக்கூட்டத்திலும் இதைக் கேட்கிறவர்கள் உண்டு. தண்டனைதான் என்று துணிந்து பதில் சொல்லிவிடுகிறவர்களும் உண்டு.

அவர்களுக்கு ஆண்டவர் இயேசுவே மறுமொழி தந்திருக்கிறார். அதே சிலோவாமில் ஒரு கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் மாண்டார்கள். அவர்கள் எருசலேமில் வாழ்ந்த மற்றெல்லாரையும்விடப் பெரிய குற்றவாளிகளோ என்று அவரே கேட்டு, இல்லை என்று அவரே சொன்னார் (லூக்கா 13). கிளிநொச்சியில் விழுத்தப்பட்ட பெரிய நீர்த்தாங்கி போருக்குப் பின் பல ஆண்டுகள் ஏ9 வீதியோரம் கிடந்ததை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்தபோதெல்லாம் இந்த வசனத்தையும் நினைத்திருக்க வேண்டும். எசாயாவின் எச்சரிக்கை அரசனுக்கும் அவனுடைய ஆலோசகருக்கும் சொல்லப்பட்டது. பதுங்குகுழியில் மாண்ட பச்சைக் குழந்தை எந்தப் பேராற்றையும் அழைக்கவில்லை. எந்த அணையையும் உடைக்கவில்லை. அந்தக் குழந்தையின் சாவை இறைவனின் கணக்கில் எழுதுவது, கொன்றவர்களின் கணக்கைத் துடைத்துவிடுவதாகும்.

எச்சரிக்கை யாருக்கு? பெரிய ஆற்றை நம்புகிற எவருக்கும். 1987 யூலை 29 அன்று இலங்கை-இந்திய ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. வந்திறங்கிய இந்தியப் படைக்கு நம் மக்கள் மாலையிட்டு ஆரத்தி எடுத்தார்கள். ஒக்டோபரிலேயே போர் மூண்டது. 1990 மார்ச்சில் அந்தப் படை திரும்பிப் போனபோது இரு பக்கத்திலும் கண்ணீர்தான் மிச்சம். இன்றும் நம் வீடுகளில் எந்த வல்லரசு வரும், எந்தக் கப்பல் வரும் என்ற பேச்சு ஓயவில்லை. நீதி கேட்டு உலகத்தின் கதவைத் தட்டுவது நம் உரிமை, தட்டத்தான் வேண்டும். ஆனால் படைபலத்தை மீட்பராக எண்ணுவது ஆகாசின் வழி.

இப்போது அந்த எட்டாம் வசனத்தைத் திரும்பப் பாருங்கள். வெள்ளம் எதுவரை வருகிறது? கழுத்து மட்டும். அதற்கு மேலே வரவில்லை. அது பாயும் நாட்டை இறைவாக்கினர் யாருடைய நாடு என்கிறார்? இம்மானுவேலுடைய நாடு என்கிறார். கடவுள் நம்மோடு என்பது அந்தப் பெயரின் பொருள். வெள்ளத்துக்கு வெளியே கரையில் நின்று வேடிக்கை பார்க்கிற கடவுளை எசாயா அறியார். கழுத்தளவு நீரில் நிற்கிற சனங்களோடு நிற்கிற கடவுளையே அவர் அறிவார்.

தலை மேலே இருக்கும்வரை வாயும் மேலே இருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் தாய்மார் 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் வீதியோரம் அமர்ந்தார்கள். பதில் காணாமலே கண்மூடிய பெற்றோர் அவர்களில் பலர். கழுத்தளவு நீரில் நின்றுகொண்டு பிள்ளையின் பெயரைச் சொல்லும் குரல் அது. அதைக் கேளாத செவி செபமாலையையும் சரியாகக் கேட்காது.

வெள்ளம் என்னவாயிற்று? சனகெரிபு எருசலேமைப் பிடிக்காமலே திரும்பினான். கி.மு. 612இல் நினிவே வீழ்ந்தது. நீர் வெளியேறி வற்றும் குளம் என்று நாகூம் அந்நகரை வருணித்தார். அணை உடைந்த குளத்தின் சேற்றைக் கண்ட வன்னி விவசாயிக்கு அதை விளக்கத் தேவையில்லை. கடல்போல் முழங்கும் எலிக்கூட்டம் நாகத்தின் ஒரு மூச்சுக்கு நில்லாது என்று திருவள்ளுவரும் சொன்னார்.

சிலோவாம் நீரோ நின்றுபோகவில்லை. எசேக்கியா அரசன் காலத்தில் மலைப்பாறையைக் குடைந்து, ஏறக்குறைய 533 மீற்றர் நீளத்தில் வாய்க்கால் வெட்டி, அந்த ஊற்றை நகருக்குள் கொண்டுவந்தார்கள். இரு முனைகளிலிருந்தும் வெட்டி வந்தவர்கள் பாறைக்கு அப்பால் மற்றவரின் குரலைக் கேட்டுச் சந்தித்ததை அங்கேயே கல்லில் எழுதி வைத்தார்கள். 1880இல் அக்கல்வெட்டு கண்டெடுக்கப்பட்டது. பிறவிக் குருடனை இயேசு அனுப்பியதும் அந்தக் குளத்துக்கே. அவன் கழுவினான், பார்வை பெற்றான் (யோவான் 9).

வாசகர்களே, நம் திருமுழுக்குத் தொட்டியின் நீரும் ஓசையில்லாத நீர்தான். இரணைமடுவிலிருந்து வயலுக்குப் போகும் வாய்க்காலும் அப்படியே. முள்ளிவாய்க்கால் என்ற பெயரிலேயே ஒரு வாய்க்கால் இருக்கிறது. மே 18 வரும்போது கஞ்சி காய்ச்சிப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். அந்தக் கடைசி நாட்களில் உயிர் தாங்கிய உணவு அது என்று சொல்லிக் கொடுங்கள். இறந்தவர்களைப் பெயர் சொல்லி நினையுங்கள். மறுபக்கத்தில் மாண்டவர்களுக்காகவும் ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள். கடவுள் அவர்களைத் தண்டித்தார் என்று உங்கள் வீட்டில் யாரும் சொல்ல விடாதீர்கள். பாறைக்கு அப்பால் ஒரு குரல் கேட்டால், அது எந்த மொழியில் வந்தாலும், வெட்டுவதை நிறுத்தாதீர்கள்.

இம்மானுவேலாகிய ஆண்டவர் உங்களோடு இருப்பாராக.