கடவுச்சொல் கேட்காத கணினி

கண்டி நகரத்திலும் கட்டுகஸ்தோட்டை, கம்பளைப் பக்கங்களிலும் உள்ள கொமியூனிகேஷன் கடைகளுக்குச் சாதாரண மக்கள் கொண்டுவரும் தாள்கள் சாதாரணமானவை அல்ல. மத்திய கிழக்கு வேலைக்குப் புறப்படும் தோட்டத்துப் பெண் ஒருவரின் கடவுச்சீட்டு, அடையாள அட்டை, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம். ஸ்கேன் செய்து அனுப்பியதும் தாள்களை வாங்கிக்கொண்டு அவர் பஸ் ஏறிவிடுவார். பிரதிகள் கடைக் கணினியிலேயே கிடக்கும். அந்தக் கணினியைக் கடவுச்சொல் கேட்காமல் தானே திறக்கும்படி வைத்திருப்பது சரியா?

வசதியைத் தேடுவது குற்றமல்ல. விரல் நடுங்கும் முதியவர் ஒருவர், கடல் கடந்த பேரப்பிள்ளைகளின் முகம் பார்க்க மட்டும் வைத்திருக்கும் கணினிக்குப் பூட்டு எதற்கு? அதில் இருப்பது அவருடையது. திறந்து வைப்பதும் அவர் விருப்பம். வரிசை எண்ணைக் காட்டும் திரைக்கும் கடவுச்சொல் வேண்டியதில்லை.

பிறருடையது உள்ளே வந்துவிட்டால் நிலைமை வேறு. கடைக்காரர் தன் இரகசியத்தை விட்டுக்கொடுக்கலாம். அந்தப் பெண்ணின் இரகசியத்தை விட்டுக்கொடுக்க அவருக்கு உரிமை இல்லை. அந்தப் பெண் இதைக் கேட்க மாட்டார், கேட்க வேண்டும் என்றும் அவருக்குத் தெரியாது. அதனால் கடைக்காரரின் பொறுப்பு கூடுகிறதே தவிரக் குறையவில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதே வேறுபாட்டைப் பார்த்து, வீட்டுத் தேவைக்கு மட்டும் வைத்திருக்கும் தகவலைத் தன் எல்லைக்கு வெளியே விட்டிருக்கிறது. ஆனால் சட்டம் கட்டாயப்படுத்தும்வரை காத்திருக்க வேண்டிய விஷயமல்ல இது.

“இந்தப் பிரதிகளை யார் எடுத்து என்ன செய்யப் போகிறார்கள்?” என்று கேட்பவர்கள் உண்டு. 1983 ஜூலையில் கொழும்பில் வன்முறைக் கும்பல்கள் தமிழர் வீடுகளைத் தேடிப் போனபோது அவர்கள் கையில் வாக்காளர் பட்டியல்கள் இருந்தன. தேர்தலுக்காகத் தொகுத்த பெயரும் விலாசமும்தான் அவை. இந்த நாட்டில் பெயரும் விலாசமும் ஒருபோதும் வெறும் எழுத்துகளாக இருந்ததில்லை.

அடுத்த சாக்கு மின்வெட்டு. 2022இல் ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லை. மின்சாரம் திரும்பியதும் கடைக் கணினி தானாக வேலை தொடங்க வேண்டும் என்பது நியாயமான தேவைதான். அதற்குத் தானியங்கி உள்நுழைவு தேவையில்லை. விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒரு நிரலைச் ‘சேவை’யாக அமைத்துவிட்டால், யாரும் உள்நுழையாமலே அது இயங்கும். மாறாக, விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் தானியங்கி உள்நுழைவை அமைக்கும் பழைய முறையில் கடவுச்சொல் மறைக்கப்படாத எழுத்தாகவே பதிவாகிறது. கணினிக்கு முன்னால் உட்காருகிறவர் அதை வாசித்துவிடலாம். அதே சொல்லை மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் வைத்திருப்பவர்களின் கதி என்ன?

கடவுச்சொல் மட்டும் போதும் என்றும் சொல்வதற்கில்லை. வன்தட்டைக் கழற்றிக்கொண்டு போகிறவனைத் தடுக்க அதைக் குறியாக்கம் செய்திருக்க வேண்டும். ஆயினும் கடைக்குள் வந்துபோகும் எல்லோரும் திருடர்கள் அல்லர். சும்மா பார்க்கும் கண்களே அதிகம். அவற்றுக்குக் கடவுச்சொல்லே போதிய தடை.

கடை நடத்துகிறவர்களே, வாடிக்கையாளர் பயன்படுத்தும் கணினிக் கணக்கை வெறுமையாக வைத்து வேண்டுமானால் தானாகத் திறக்க விடுங்கள். அவர்களுடைய தாள்கள் இருக்கும் கணக்கைப் பூட்டுங்கள். வேலை முடிந்த பிரதிகளை அன்று மாலையே அழித்துவிடுங்கள்.