பொதுச் சொற்பொழிவும் பக்குவமும்

சிவஞானப் பொருளைப் பக்குவம் நோக்கித் தக்கார்க்கே உணர்த்தல் வேண்டும் என்பது ஆன்றோர் வழக்கு. பல்கலைக்கழகங்களோ, வாயிலைத் திறந்துவைத்து, வருவார் யாவர்க்கும் அப்பொருளைப் பேசுவிக்கின்றன. இவ்விரண்டும் தம்முள் முரணுமோ என்பது ஈண்டு ஆராயத்தக்கது.

ஸ்காத்லாந்து தேயத்து நீதிபதி ஆதம் கிப்போர்டு என்பார், 1885-ஆம் ஆண்டில் எழுதிய மரணசாசனத்தால், அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் நான்கற்கும் எண்பதினாயிரம் பவுன் வைத்துக் கடவுளியல்பு பற்றிய சொற்பொழிவுகளை நிறுவினார். அவை மாணாக்கர்க்கேயன்றி ஊரார் அனைவர்க்கும் உரியவாதல் வேண்டும் என்பதும், பேசுவாரைச் சமயம்பற்றிச் சோதித்தலாகாது என்பதும் அவர் விதித்தவை. 1888 முதல் அவை நிகழ்ந்துவருகின்றன. நம் நாட்டிலும், திருப்பனந்தாள் காசித்திருமடத்தார் வைத்த அறத்தால் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் சித்தாந்தச் சொற்பொழிவுகள் நிகழ்ந்து நூல்வடிவும் பெற்றன. மடமே மன்றத்திற்குப் பொருளீந்தமை ஈண்டு நோக்கத்தக்கது.

அற்றேல், பக்குவமில்லார் செவிப்புக்க ஞானப்பொருள் வறுந்தருக்கத்திற்கே கருவியாய் முடியுமன்றோ எனின், அக்கடா வலியுடைத்தே. நன்னூலாரும் மாணாக்கரை அன்னமும் ஆவும் போல்வார் எனவும், இல்லிக்குடமும் பன்னாடையும் போல்வார் எனவும் தரம்பிரித்தார். ஆயினும், ஞானம் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டைகூடல் என நான்காம். சொற்பொழிவு தருவது கேட்டல் ஒன்றனையே. ஏனைய மூன்றும் குருவருளாலும் தன் முயற்சியாலும் எய்தற்பாலன. முதற்படியை மறுப்பின் மேற்படிகள் எங்ஙனம் கூடும்? மேலும், மலபரிபாகத்தை உள்ளவாறு அறிவான் இறைவனே. பிறப்பும் கோலமும் கண்டு மக்கள் அதனை அளத்தல் பிழையாம். பெற்றான் சாம்பானுக்கு உமாபதிசிவனார் முத்தியளித்த வரலாறு அறிவுறுத்துவதும் இதுவே. ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31-இல் வண்ணார்பண்ணைச் சிவாலயத்திற் சைவப் பிரசங்கம் தொடங்கியதும் பலரும் கேட்டுய்தற்கேயாம்.

அங்ஙனமாயின் இடர் யாண்டுளது? பெரும்பாலும் பேசுவார்மாட்டே உளது. சகலாகம பண்டிதராகிய அருணந்தியார், மெய்கண்டாரை அணுகி, ஆணவமலத்தின் இயல்பு யாது என வினாவினார். மெய்கண்டார் ஒன்றும் மொழியாது அவரை மேலுங்கீழும் நோக்கினார். தாம் நின்ற நிலையே விடை என உணர்ந்த பண்டிதர் அடிபணிந்து மாணாக்கராயினார். மேடையேறுவார் யாவரும் அந்நோக்கின் முன் தாம் நிற்பதாக எண்ணல் வேண்டும். கரவொலியை வேட்டுப் பேசும் சொல், ஆணவத்தை விளக்குவதுபோல அதனை வளர்ப்பதாம்.

பண்டு தகடூர் எனப்பட்ட தருமபுரியிற் கற்கும் இளைஞற்குச் சோணாட்டுத் திருமடங்கள் நெடுந்தொலைவின. சேலத்தில் 1997-இல் தோன்றிய பெரியார் பல்கலைக்கழகமே அம்மாவட்டக் கல்லூரிகட்கும் உரியது. தீர்த்தமலைச் சிவபிரானை வணங்கியும் சித்தாந்தத்தின் பெயரையுங் கேளாதானுக்கு, ஒருநாட் சொற்பொழிவே முதல் வாயிலாதல் கூடும். அவ்வாயிலை அடைத்தற்குரியார் யார்?

அவ்வூர்த் தலைவனாகிய அதியமான், நெடுவாழ்வளிக்கும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்தான். பெற்றார் தகுதியுடையார்; அவர் நாவாற் பெற்ற பயனோ உலகினர்க்கெல்லாம் பொது. தகுதி நோக்கலும் பொதுமை நோக்கலும் அவ்வொரு கொடையில் முரணாது இயைந்தன. பேசுவாரைத் தகுதி நோக்கித் தெரிக. கேட்பார்க்கு வாயில் திறந்தே இருக்க. இதுவே நெறியென்க.

திருச்சிற்றம்பலம்.