கொட்டிடுச்சு

தமிழில் பெயின்ட் தானாகக் கொட்டும். 'கொட்டிடுச்சு' என்றால் போதும், யார் கை பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. பால் சிந்திடுச்சு, டப்பா கவுந்திடுச்சு, தட்டு உடைஞ்சிடுச்சு. கவிழ்த்தான், உடைத்தான் என்கிற பிறவினைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆனால் அவற்றை நாம் பெரும்பாலும் பிறத்தியார் விஷயத்தில்தான் எடுக்கிறோம். துடைத்து முடித்த பிறகும் இதே கதைதான். 'சுத்தமாயிடுச்சு' என்கிறோம். சிந்தியவரும் வாக்கியத்தில் இல்லை, துடைத்தவரும் இல்லை. ஒருவரை அந்த இலக்கணம் காப்பாற்றுகிறது, இன்னொருவரிடமிருந்து செய்த வேலையைப் பிடுங்கிக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரே ஓர் இடத்தில்தான் ஆள் தென்படுகிறார். 'கொஞ்சம் துடைச்சிரும்மா' என்னும் ஏவலில்.

அந்த ஏவல் யாரை நோக்கிப் போகிறது என்பதைப் பாலினம் மட்டும் தீர்மானிப்பதில்லை. விளக்குமாறு யார் கையில் இருக்க வேண்டும் என்று இந்த ஊர்களில் சாதி வெகுகாலம் முன்பே முடிவுசெய்து வைத்திருக்கிறது. பெண்ணாகவும் இருந்து, அந்தச் சாதிகளில் பிறந்தும் இருந்தால் கூப்பிடும் குரலுக்கு யோசனையே தேவைப்படுவதில்லை.

எங்கள் தெருமுனையில் ஒரு கிரில் பட்டறை இருக்கிறது. கோவையில் இப்படிப்பட்டவை நிறைய. தகரக் கூரை, வெல்டிங் செட், கட்டிங் மெஷின், சுவரோரம் ரெட் ஆக்சைடு அடித்துக் காயவைத்த ஜன்னல் கம்பிகள். மாடிப்படிக்குக் கைப்பிடி செய்யக் கொடுத்திருந்தேன். அதைப் பார்க்கப்போன ஒரு மதியம், பெயின்டர் திரும்பும்போது கால் வயரில் சிக்கி நாலு லிட்டர் டப்பா சாய்ந்தது. கருஞ்சிவப்பு இனாமல். வேண்டுமென்று செய்யவில்லை. திரும்ப இடமில்லாத இடம், தரையெல்லாம் வயர். "கொட்டிடுச்சுங்க" என்றார் அவர். ஓனர் உள்பக்கம் பார்த்து, "அக்கா, இங்க வாங்க" என்றார்.

அந்தக்காவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பட்டறையில் ஹெல்பர். கம்பிக்கு உப்புத்தாள் போடுவது, டீ வாங்கிவருவது, கூட்டுவது எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். வந்தவர் முதலில் துணியை எடுக்கவில்லை. "தம்பி, வெல்டிங்க நிறுத்து. மெஷினும் ஓட்டாத" என்றார். தின்னர் திறக்கப்போகிற இடத்தில் ஒரு பொறி போதும். பிறகு ஒரு சட்டி மணலை எடுத்து, பெயின்ட்டின் மேல் அல்ல, அதைச் சுற்றி வரப்பு கட்டுவதுபோலப் போட்டார். பரவுவது நின்ற பிறகுதான் நடுவில் மரத்தூள். ஊறியதும் ஒரு தகரத் துண்டால் வெளியிலிருந்து உள்நோக்கி வழித்தார்.

"துணி போட்டு இழுத்தா சீக்கிரம் ஆகாதுங்களாக்கா?" என்று கேட்டேன்.

"இழுத்தா நாலடி ஆயிருமுங்க டீச்சர். இப்ப ரெண்டடிதான்."

கடைசியில்தான் தின்னரில் நனைத்த துணி, அதற்குப் பிறகு சோப்புத் தண்ணீர். அழுக்குத் துணிகளை அவர் சுருட்டி மூலையில் போடவில்லை. வெளியே கைப்பிடிச் சுவரில் ஒவ்வொன்றாக விரித்தார். சுருட்டிப் போட்டால் புகையும் என்றார். அது உண்மை. எண்ணெய் கலந்த பெயின்ட் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் இறுகுகிறது. அப்போது சூடு பிறக்கும். துணி குவிந்து கிடந்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கலாம். வேதியியல் படித்தவர்கள் இதைப் பாடமாகச் சொல்வார்கள். அந்தக்கா எங்கோ ஒரு மூலையில் புகை வந்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறார். பெயின்டர் அதற்குள் டீக்கடைக்குப் போய்விட்டிருந்தார்.

இதில் யார் மேல் தப்பு? யார் மேலும் இல்லை என்றே சொல்வேன். ஆனால் தவறு யாருடையது என்பது ஒரு கேள்வி, வேலை யாருடையது என்பது வேறொரு கேள்வி. முதலாவதுக்கு 'யாருடையதும் இல்லை' என்று பதில் வந்தவுடன் இரண்டாவது கேட்கப்படாமலே முடிந்துபோகிறது. பெயின்டர் குற்றமற்றவர், அதனால் போகலாம். அக்காவும்தான் குற்றமற்றவர். அவருடைய குற்றமின்மை அவருக்கு எதற்கும் உதவவில்லை. மண்டியிட்டது அவர். அறம் பற்றிப் பேசும்போது நாம் எப்போதும் குற்றத்திலிருந்தே தொடங்குகிறோம். குற்றவாளி கிடைக்காத இடங்களில், அதாவது அன்றாட வாழ்வின் பெரும்பகுதியில், நம் அறம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த வெற்றிடத்தில்தான் ஒரு பெண் துணியோடு வருகிறாள்.

'சிந்தியவரே துடைக்கட்டும்' என்று சொல்லிவிடலாம். வீட்டில் டம்ளரைக் கவிழ்க்கும் பையன்களுக்கு அது நல்ல விதி, கட்டாயம் சொல்லித்தர வேண்டும். பட்டறையில் அதோடு நின்றுவிட எனக்கு விருப்பமில்லை. பெயின்டரும் கூலிக்கு வந்தவர். திரும்ப இடமில்லாமல் வயரை ஓடவிட்டவர் ஓனர். விதியை அப்படியே வைத்தால் இரண்டு கூலிக்காரர்கள் ஒரு துணிக்காக அடித்துக்கொள்வார்கள், ஓனர் நாற்காலியில் இருப்பார். 'அதற்குத்தானே சம்பளம் கொடுக்கிறோம்' என்பது இன்னொரு வாதம். சரி, கொடுக்கிறீர்கள். தீயை, காற்றை, தரையின் சரிவை அறிந்த ஒருவருக்கு ஹெல்பர் என்று பெயர்வைத்து, ஒன்றும் தெரியாதவருக்கான கூலியைக் கொடுக்கிறீர்கள். அன்று அந்தக்கா ஒரு கையுறை கேட்டிருந்தால் கிடைத்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

ஹன்னா அரெண்ட் 1958இல் வெளிவந்த 'மனித நிலை' நூலில் பாடுபடுதலையும் ஆக்கத்தையும் பிரிக்கிறார். ஆக்கம் உலகில் நிற்கும் பொருளைத் தருகிறது. பாடுபடுதல் செய்த கணமே தீர்ந்துபோகிறது, எதையும் விட்டுச்செல்வதில்லை. அந்தக் கணக்கில் என் வீட்டுக் கைப்பிடி ஆக்கம், தரை துடைத்தது வெறும் பாடு. அரெண்ட் கூர்மையானவர், இந்தப் பிரிவினையில் உண்மையும் உண்டு. ஆனால் எதுவும் மிஞ்சாமல் இருப்பதுதான் துடைத்தலின் வெற்றி. மிஞ்சினால் சரியாகத் துடைக்கவில்லை என்பார்கள். தடயமே இல்லாமல் செய்ய வேண்டிய ஒரு வேலையை, தடயமில்லை என்று சொல்லித் தாழ்த்துவது என்ன நியாயம்? நம் மொழியிலோ கூட்டுதல், பெருக்குதல் இரண்டுமே கணக்குப் பாடத்துச் சொற்கள். ஆயுள் முழுக்கக் கூட்டிப் பெருக்கினவளின் பேரேட்டில் மட்டும் எதுவும் ஏறுவதில்லை.

தடயம் யாருக்கு அனுமதிக்கப்படுகிறது என்று பார்க்க அமெரிக்காவுக்குப் போக வேண்டும். நியூயார்க் மாநிலத்தில், லாங் ஐலண்டின் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் ஜாக்சன் பொல்லாக் ஒரு கொட்டகையைப் பட்டறையாக்கிக்கொண்டார். கித்தானைத் தரையில் விரித்து, மேலிருந்து பெயின்ட்டை ஊற்றியும் தெறித்தும் வரைந்தவர். கித்தானின் ஓரம் தாண்டி விழுந்ததெல்லாம் பலகைத் தரையில் தங்கியது. 1953இல் அதன்மேல் அட்டைப்பலகை பதித்துவிட்டார்கள். 1956இல் கார் விபத்தில் அவர் இறந்தார். பல ஆண்டுகள் கழித்து, இடத்தை அருங்காட்சியகமாக்கும்போது பலகையைப் பெயர்த்துப் பார்த்தால், பழைய சிந்தல் அப்படியே இருக்கிறது. இன்று அங்கே போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, அங்கே தரும் மெத்தைச் செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். கோயிலில் நடப்பதுபோல.

அவருடைய மனைவி லீ கிராஸ்னரும் ஓவியர்தான், பொல்லாக்குக்கு முன்பிருந்தே. அவர் உயிரோடிருந்தவரை கிராஸ்னர் வரைந்தது வீட்டு மாடியிலிருந்த ஒரு படுக்கையறையில். கொட்டகை அவருக்குக் கிடைத்தது கணவர் இறந்த பிறகு. அங்கே அவர் கித்தானைச் சுவரில் மாட்டி வரைந்தார்; அவர் தூரிகை தெறித்த தடங்கள் சுவரில் இருக்கின்றன. வருகிறவர்கள் குனிந்து தரையைப் பார்க்கிறார்கள். கிராஸ்னரைப் பார்க்க வேண்டுமென்றால் தலையை நிமிர்த்த வேண்டும்.

மேரல் லாடர்மன் யூகலிஸ் என்ற கலைஞர், குழந்தை பெற்ற பிறகு தன் நாளெல்லாம் கழுவுவதிலும் துடைப்பதிலும் போவதைக் கண்டு, 1969இல் பராமரிப்பே கலை என்று ஓர் அறிக்கை எழுதினார். 1973இல் ஹார்ட்ஃபோர்டு நகரத்து அருங்காட்சியகம் ஒன்றின் படிக்கட்டையும் தரையையும் மணிக்கணக்கில் கழுவி, அதையே படைப்பாக முன்வைத்தார். எனக்கு அந்தச் செயல் பிடிக்கும். ஆனாலும் ஒன்று உறுத்துகிறது: அதே படிகளைத் தினமும் கழுவிய ஊழியரின் பெயர் கலை வரலாற்றில் இல்லை. யூகலிஸுக்கும் அது உறுத்தியிருக்க வேண்டும். பிறகு நியூயார்க் நகரத்தின் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட துப்புரவுத் தொழிலாளர்களை ஒவ்வொருவராகச் சந்தித்துக் கைகுலுக்கி நன்றி சொன்னார்.

கைகுலுக்கலில் தீராத ஒன்று பெயின்ட்டுக்குள்ளேயே இருக்கிறது. வீட்டுப் பெயின்ட்டிலும் அலங்காரப் பெயின்ட்டிலும் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்திய அரசு 2016இல் விதி கொண்டுவந்தது. 2017 நவம்பர் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. தொழிற்சாலைப் பெயின்ட்டுகள் அந்த விதிக்குள் வரவில்லை. ஈயத்தில் தீங்கற்ற அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். உடலுக்குள் போனால் அது எலும்பில் தங்கும், கருவுற்ற காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் மறுபடி ரத்தத்தில் இறங்கும். காய்ந்த பெயின்ட்டைச் சுரண்டும்போதும், உப்புத்தாள் போடும்போதும், உலர்ந்த தரையை விளக்குமாற்றால் கூட்டும்போதும் தூளாகப் பறப்பது இதுதான். நனைத்துவிட்டுச் சுரண்ட வேண்டும், ஈரத்துணியால் துடைக்க வேண்டும். எந்த டப்பாவில் எவ்வளவு ஈயம் என்பதைத் தரையில் குனிகிறவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை.

அந்தத் தூள் பட்டறையோடு நிற்பதில்லை, சட்டையோடு வீட்டுக்குப் போகிறது. பெயின்டர் டீ குடித்துவிட்டு வந்து மிச்ச வேலையை முடித்து, ஆறு மணிக்கு அதே சட்டையோடு வண்டியில் ஏறினார். அது எங்கே கழற்றிப் போடப்படும், எந்தப் பிள்ளையின் பாவாடையோடு ஒரே வாளியில் ஊறும், அதை உதறிக் கல்லில் அடிக்கப்போவது யார் என்றெல்லாம் பட்டறையின் எந்த நோட்டிலும் எழுத இடம் கிடையாது. அந்தக்காவும் அப்போதுதான் கிளம்பினார். சேலைக் கொசுவத்தில் கருஞ்சிவப்பு ஓரம் கட்டியிருந்தது. அதைத் துவைக்கவும் அவரேதான்.