பிள்ளையை எங்கே சேர்ப்பது?



ஜூன் மாதம் நெருங்கினால் நம் வீடுகளில் பள்ளிக்கூடப் பேச்சுத்தான். எது நல்ல பள்ளி, பணம் எவ்வளவு, யாரைப் பிடித்தால் இடம் கிடைக்கும் என்று பூசை முடிந்து கோவில் முற்றத்தில் நின்றுகூடப் பேசுகிறோம். இந்தப் பேச்சில் கலந்துகொள்ளாமல் ஒதுங்கி நிற்கிற ஒரு தாயும் தகப்பனும் நம்மிடையே இருக்கக்கூடும். அவர்கள் வீட்டிலும் ஒரு விண்ணப்பப் படிவம் இருக்கிறது. ஆனால் அது வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கென்று தனியே நடத்தப்படும் சிறப்புப் பள்ளியின் படிவம். அதை நிரப்புவதா, கிழித்துப்போடுவதா என்று தெரியாமல் தூக்கமிழந்திருக்கிறார்கள். இன்று அவர்களோடு பேசுகிறேன். மற்றவர்களும் கேளுங்கள், உங்களுக்கும் இதில் பங்குண்டு.

நான் அறிந்த ஒரு வீட்டில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன். ஜெபங்களெல்லாம் மனப்பாடம். பீடத்தில் பூசைக்கு உதவி செய்கையில் எந்த நேரத்தில் மணி அடிக்க வேண்டும் என்பதில் ஒருநாளும் பிசகியதில்லை. ஆனால் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் வேர்த்துப்போவான். ‘மரம்’ என்ற சொல்லை மேல் வரியில் தட்டுத்தடுமாறி வாசிப்பான். அடுத்த வரியில் அதே சொல்லை முன்பின் அறியாததுபோல் பார்ப்பான். சோம்பேறி என்றார்கள், பிரம்படியும் கிடைத்தது. மனநல நிபுணர் ஒருவர் சோதித்துப் பார்த்து, அறிவில் குறைவில்லை, இது டிஸ்லெக்சியா என்னும் கற்றல் குறைபாடு, சில காலம் தனிப் பயிற்சி தரும் பள்ளியில் சேர்ப்பது நல்லது என்று எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதம் ஒரு வருஷம் பீரோவில் சேலைகளுக்கு அடியில் கிடந்தது.

ஏன் கிடந்தது? “அந்தப் பள்ளிக்கூடத்துக்கா அனுப்பப்போறீங்க? நாளைக்கு அவன் அக்காவைப் பெண் கேட்டு எவன் வருவான்?” என்று பாட்டி கேட்டாள். பாட்டியைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. அவள் பயந்தது ஊர் வாய்க்கு. அந்த வாய் நம்முடையது.

இந்தக் குறைபாடு புதிதாக முளைத்ததன்று. 1896-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற வைத்தியர், பதினான்கு வயதுப் பையன் ஒருவனைப் பற்றி மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். கெட்டிக்காரன், கணக்கு வரும், கண்ணிலும் பழுதில்லை. ஏழு வயது முதல் பாடம் சொல்லிக்கொடுத்தும் வாசிப்பு மட்டும் வரவில்லை. தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான். பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியில் இவனே முதல்வனாயிருப்பான் என்று அவன் ஆசிரியர் கருதினாராம்.

நம் தமிழையே பாருங்கள். ‘கெ’ என்று சொல்லும்போது ககரம் முதலில் ஒலிக்கிறது, எகரம் பின்னால் வருகிறது. எழுதும்போதோ கொம்பு முன்னால் நிற்கிறது. ‘கொ’ என்றால் ஓரெழுத்துக்கு இரு பக்கமும் குறி. ல, ள, ழ என மூன்று. ந, ன, ண என மூன்று. 247 எழுத்துக்களையும் நாம் எப்போது பழகினோம் என்றே நினைவில்லாமல் பழகிவிட்டோம். சொல்லை ஒலிகளாகப் பிரித்து, ஒவ்வோர் ஒலியையும் அதன் எழுத்தோடு முடிச்சுப்போடும் வேலை சில பிள்ளைகளுக்கு இயல்பாக நடப்பதில்லை. மணலில் விரலால் எழுதி, எழுதும்போதே வாயால் ஒலித்து, காதால் கேட்டு, ஒன்று நிலைத்தபின் அடுத்ததற்குப் போய், அப்படி அவர்களுக்குக் கற்பிக்க வேண்டும். ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் இதற்கு நேரமேது?

சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் இயற்றப்பட்டபோது கற்றல் குறைபாடும் அதன் பட்டியலில் சேர்ந்தது. குறைபாடு 40 சதவிகிதத்துக்குக் குறையாதென்று சான்று பெற்ற பிள்ளை, 6 வயது முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ தன் விருப்பப்படி ஒரு சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகக் கற்க உரிமையுடையது. அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் இத்தகைய பிள்ளைகளைப் பாகுபாடின்றிச் சேர்க்கவும், கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டறியவும் வழி செய்யவேண்டும் என்பதும் அதில் உண்டு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், சேர்க்கைக்காகப் பிள்ளையையோ பெற்றோரையோ தேர்வு வைத்து வடிகட்டக் கூடாது என்கிறது. ஆனால் அந்தச் சட்டம் சிறுபான்மையினர் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் பள்ளிகளும் அதில் அடங்கும். சட்டம் கேட்காத இடத்தில் மனச்சாட்சி கேட்கவேண்டாமா என்று நம் பள்ளிகளை நடத்துவோரிடம் கேட்க எனக்கு ஆசைதான். அது இன்னொரு நாளைக்கு.

இன்றைய கேள்வி பெற்றோருக்கு. சிறப்புப் பள்ளியில் சேர்ப்பது பிள்ளையைத் தள்ளிவைப்பதா? தள்ளிவைப்பதாகவும் இருக்கலாம் என்பதை முதலில் ஒப்புக்கொள்வோம். தேர்ச்சி விகிதம் குறையாமலிருக்க ஒரு பள்ளி “வேறிடம் பாருங்கள்” என்று சொல்லி, பெற்றோரும் விட்டது தொல்லை என்று அனுப்பினால், எந்த நல்ல பெயர் வைத்தாலும் அது தள்ளிவைப்பதே. ஆனால் ஊருக்கு அஞ்சிப் பிள்ளையைப் பழைய வகுப்பிலேயே, அன்றாடம் அவமானப்பட, பிடித்து வைத்திருப்பதற்கு என்ன பெயர்? அதையும் பாசம் என்றுதான் சொல்லிக்கொள்கிறோம். இரண்டிலும் பிள்ளையின் தேவையை யாரும் விசாரிக்கவில்லை. ஒன்றில் பள்ளியின் மானம் காப்பாற்றப்படுகிறது; மற்றதில் குடும்பத்தின் மானம்.

ஆகையால் படிவத்தை நிரப்புமுன் அந்தப் பள்ளிக்கு நேரில் போய் ஒரு வகுப்பைப் பாருங்கள். ஓர் ஆசிரியருக்கு எத்தனை பிள்ளைகள்? வாசிக்க எப்படிக் கற்றுக்கொடுக்கிறார்கள்? முன்னேற்றத்தை எப்படி அளக்கிறார்கள்? பிள்ளை பொதுப் பள்ளிக்குத் திரும்ப வழியுண்டா? இவற்றுக்குத் தெளிவான பதிலில்லையென்றால் கட்டிடத்தின் அழகைக் கண்டு மயங்கவேண்டாம். வீட்டுக்கு அருகிலேயே, பொறுமையும் பயிற்சியுமுள்ள ஓர் ஆசிரியர் கிடைத்து, பிள்ளையும் நண்பர்களோடு இருக்க முடியுமானால், அதை விட்டுவிட்டுத் தூரம் போகவும் தேவையில்லை. படிவத்தில் ‘முன்பு பரிசோதனை செய்ததுண்டா’ என்ற கட்டத்தை மட்டும் வெறுமையாக விடாதீர்கள். மறைத்துச் சேர்த்த பிள்ளைக்கு உதவி செய்ய யாராலும் முடியாது. எந்நாளும் வேஷம் போடும் சுமையும் அதன் தலையில்தான் விழும்.

பிள்ளையிடமும் மறைக்கவேண்டாம். நான் சொன்ன அந்தத் தகப்பன் முடிவில் காகிதத்தை வெளியே எடுத்தார். சிறப்புப் பள்ளிக்குப் போகும் பஸ்ஸில் பையன் கேட்டானாம்: “நான் என்ன தப்புப் பண்ணினேன் அப்பா?”

தகப்பன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “நீ ஒண்ணும் பண்ணலைடா. உனக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கணும்னு எங்களுக்குத்தான் தெரியலை. தெரிஞ்சவங்க அங்கே இருக்காங்க,” என்றார்.

பையன் அதை யோசித்துக்கொண்டே வந்தான். இறங்குகிற இடம் வந்தபோது, “ஞாயித்துக்கிழமை பூசைக்கு மணி நான்தானே அடிப்பேன்?” என்று கேட்டான்.